எரிச்சல் எதன்மேல் வர வேண்டும்?

"பளம்", "மளை" என்று பேசி விருதுநகர்க்காரர்கள் தமிழைக் கொல்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கேட்கவே காது கூசுகிறதாம். ழகரம் ளகரமாகிப்போனது இந்த மாவட்டத்தில் மட்டுமல்ல. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். சரி, குறை சொல்பவர்கள் "கரி", "கறி" இரண்டையும் வேறுபடுத்தி உச்சரிக்கிறார்களா? கன்னியாகுமரிப் பக்கம் தவிர, ரகர றகர வேறுபாடு பேச்சில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. நகரமும் னகரமும் அவர்கள் நாவிலும் ஒன்றுதான். தாங்கள் தொலைத்ததற்குக் கூச்சப்படாதவர்கள், தீப்பெட்டி ஒட்டியும் திரி செருகியும் பிழைக்கிறவர்களின் நாக்கைத் திருத்த வருவது அநியாயம்.

எரிச்சல்படத் தகுந்த சொல் ஒன்று இங்கே உண்டு: "வெடி விபத்து". பட்டாசு ஆலையில் அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பை மீறி ஆட்களை உட்காரவைத்து, உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டு, மருந்தை அளவுக்கு மேல் குவித்தபின் நடப்பது விபத்தா? 2012 செப்டம்பர் 5 அன்று இந்த மாவட்டத்து முதலிப்பட்டி ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலையில் வெடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர். இரண்டையும் செய்திகள் விபத்து என்றே எழுதின. தமிழ்மேல் அக்கறை உள்ளவர்களே, முதலில் அந்தச் சொல்லைத் திருத்துங்கள்.