ஏழைப் புனிதருக்கு எழில்மிகு ஆலயமா?

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1226-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், தம் விருப்பப்படியே வெறுந்தரையில் கிடத்தப்பட்டு உயிர் நீத்தார். 1228 ஜூலையில் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியார் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். மறுநாளே அவருக்கான பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். இத்தாலியின் அம்ப்ரியா மலைச்சரிவில் இன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஆலயங்கள் கம்பீரமாக நிற்கின்றன. காசைத் தொடவும் விரும்பாத மனிதருக்கு இத்தனை பெரிய ஆலயமா? இக்கேள்வி நம் உள்ளத்தில் எழாமல் இராது.

கேள்வி நியாயமானதே. ஏழ்மைக்கு ஒவ்வாத ஆலயங்களையும் இல்லங்களையும் ஏற்கலாகாது என்று பிரான்சிஸ் தம் இறுதி உயிலில் சகோதரர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். அவருடைய தோழர்களுள் சிலர் மனம் வருந்தியதில் வியப்பென்ன?

எனினும், மேல் ஆலயத்தின் சுவர்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அங்கே 28 ஓவியங்கள் பிரான்சிஸின் வரலாற்றைச் சொல்கின்றன. அவற்றை ஜோத்தோ தீட்டினார் என்பது மரபு. அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அச்சுப் புத்தகம் இல்லாத காலம் அது. எழுத்தறியாத உழவரும் அவர்தம் மனைவி மக்களும் அச்சுவர்களையே படித்தனர். வறிய வீரனுக்குத் தம் மேலாடையைத் தரும் பிரான்சிஸ், ஆயர் முன்னிலையில் தம் உடைகளையெல்லாம் தந்தையிடமே திருப்பித் தரும் பிரான்சிஸ், பறவைகளுக்குப் போதிக்கும் பிரான்சிஸ் என அத்தனையும் ஏழைகளுக்கான பாடப் புத்தகம்! ஆகவே அந்த ஆலயம் வீண் ஆடம்பரமன்று என்பதே நம் கருத்து.

ஆயினும் அதே சுவர்களில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நான்காம் ஓவியத்தில் சான் தமியானோ ஆலயம் இடிந்து பாழடைந்து காணப்படுகிறது. இருபத்து மூன்றாம் ஓவியத்திலோ, பிரான்சிஸின் உடலைக் கண்டு புனித கிளாரா கண்ணீர் வடிக்கும் காட்சியில், அதே சான் தமியானோ சிற்பங்கள் நிறைந்த சலவைக்கல் மாளிகையாக மாறிவிட்டது! உண்மையில் அது எளிய கல் ஆலயம். அங்கேதான் கிளாரா தம் சகோதரியருடன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வறுமையில் வாழ்ந்தார். ஏழ்மையே தம் சபையின் சட்டமாக வேண்டுமென்று அவர் விடாது போராடினார். 1253-இல் அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னரே திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் அதற்கு ஒப்புதல் அளித்தார். அந்தப் போராட்டத்தைச் சலவைக்கல் மறைத்துவிட்டதே! ஓவியர் அன்பினால்தான் அழகுபடுத்தினார். ஆனால் அன்பும் சிலபோது உண்மையை மூடிவிடும்.

1997 செப்டம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் மேல் ஆலயத்தின் கூரைப் பகுதிகள் இடிந்து, இரு துறவியர் உட்பட நால்வர் மாண்டனர். வல்லுநர்கள் ஓவியத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தனர். 1999-இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அதே நடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். சுவரைக் காப்பதும் நற்பணியே. ஆனால் வீடிழந்தவரை மறந்து சுவரை மட்டும் காத்தால், அச்சுவரில் எழுதியதை நாம் படிக்கவில்லை என்றே பொருள்.

அன்புத் தோழியரே! புனிதருக்கு அழகிய ஆலயம் எழுப்புவோம், மாலையும் சூட்டுவோம். ஆனால் அவர் யாருக்குத் தம் மேலாடையைக் கொடுத்தாரோ, அந்த ஏழை நம் வாசலுக்கு வரும்போது முகம் திருப்பாதிருப்போம். அதுவே புனிதருக்கு நாம் எழுப்பும் உண்மையான ஆலயம்.