பேட்ச் போட்டு ஆடினால் அழுகுணி ஆட்டமா?

டீச்சர்களும் படிப்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வீடியோ கேம் பற்றிய கட்டுரைதான். ஆனால் கொஞ்சம் கணக்கும் உண்டு!

நம்ம வகுப்பில் ஒரு வாரமாக ஒரே சண்டை. சூப்பர் நின்டெண்டோவில் 1990-ல் வந்த 'கிரேடியஸ் 3' விண்கப்பல் கேமை எமுலேட்டர் வைத்து ஆடுகிறோம். திரையில் எதிரிகள் கூடிவிட்டால் கேம் ஆமை மாதிரி நகரும். அது நகராமல் இருக்க 'பேட்ச்' போட்டு ஆடுறவன் அழுகுணி ஆட்டம் ஆடுறானாம். அவன் எடுத்த ஸ்கோர் செல்லாதாம். இது என்னங்க நியாயம்?

முதலில் அது ஏன் ஸ்லோ ஆகுதுன்னு பார்ப்போம். அந்த மெஷின் ஒரு நொடிக்கு 60 தடவை படம் மாற்றும். நம்ம பி.டி. சார் விசில் அடிக்க அடிக்க ஒவ்வொரு அடி வைப்போமே, அதே மாதிரி. ஒரு விசிலுக்குள் கப்பல், குண்டு, மோதல் எல்லாக் கணக்கையும் முடிக்கணும். முடியலைன்னா அடுத்த விசில் வரை நிற்கணும். அப்போ 60 என்பது 30 ஆகிவிடும், கேமும் பாதி வேகத்துக்கு வந்துவிடும். ஏனென்றால் அந்தக் கேம் நேரத்தை எண்ணுவதே விசிலை வைத்துத்தான்.

அந்த மெஷினின் பிராசஸர் வேகம் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். 'எஸ்ஏ-1' என்று ஒரு சிப், 10.74 மெகாஹெர்ட்ஸ். 1996-ல் வந்த 'சூப்பர் மாரியோ ஆர்பிஜி' கேட்ரிட்ஜுக்குள்ளேயே அது இருந்தது. பிரேசில்காரரான விட்டோர் விலெலா 2019-ல் கிரேடியஸ் 3-ன் வேலையை அந்தச் சிப்பில் ஓடும்படி மாற்றி எழுதினார். அதுதான் இந்த பேட்ச்.

இப்போ சொல்லுங்க, யார் அழுகுணி? ஸ்லோ ஆகும்போது குண்டும் மெதுவாத்தானே வருது! ஒதுங்க ரெண்டு மடங்கு நேரம் கிடைக்குது. இரண்டாவது லெவலில் குமிழிகள் நிறையுமே, அங்கே பேட்ச் போட்டு ஆடிப் பாருங்க. என் கப்பல் எல்லாம் அங்கேயே காலி.

அதுக்காக எல்லா கேமையும் வேகமாக்கு என்று சொல்கிற கூட்டத்திலும் நான் இல்லை. 1978-ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'-ல் எதிரிகள் குறையக் குறைய மெஷினுக்கு வேலை குறைந்து, மிச்சம் இருப்பவை வேகமாக ஓடும். செய்தவர் நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். அதை 'சரி' பண்ணினால் அந்தக் கேமில் என்ன மிச்சம்? 30-க்கு எழுதிய 'டார்க் சோல்ஸ்' கேமின் 2012 கம்ப்யூட்டர் பதிப்பை ரசிகர்கள் 60 ஆக்கினார்கள். பார்க்க அழகுதான், ஆனால் தாவும் தூரம் குறைந்துவிட்டது. ஏணியில் சறுக்கி இறங்கினால் சில நேரம் தரைக்குள்ளேயே போய்விடும்!

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். ஸ்கோர் எழுதுகிற நோட்டில் நடுவே கோடு போடுங்கள். 'பேட்ச்' ஒரு பக்கம், 'பேட்ச் இல்லை' ஒரு பக்கம். அடித்துவிட்ட ஸ்கோரைத் திரும்ப எழுதுங்கள். மறுப்பு இருப்பவர்கள் அடுத்த தாளுக்கு எழுதிக் கொடுக்கலாம், பாதிப் பக்கம் காலியாக வைத்திருக்கிறேன்.