ஒரு மகரந்த மணி போதிய சாட்சியாகுமா?

பாறைகளின் காலத்தை அவற்றிற் புதைந்த மகரந்த மணிகளையும் வித்திகளையுங் கொண்டு கணிப்பது வெறும் ஊகமே எனச் சிலர் இகழ்வர். வேறு சிலரோ, தொல்பாறையொன்றிற் பூக்குந் தாவரத்தின் மணியொன்று அகப்பட்டதும் புவிச்சரிதவியல் முழுவதுமே சரிந்துவிட்டதென ஆரவாரிப்பர். இரு சாராரின் பிழையும் ஒன்றே. மணியைக் கண்டனர், அது அங்கு வந்த வழியைக் கேட்டிலர்.

இக்கூற்றுகளை உரைத்துப் பார்த்தற்கு, இன்று பாகித்தானிலுள்ள பஞ்சாபின் உப்பு மலைத்தொடரே தக்க உரைகல். அங்குள்ள உப்புப் படைகள் கேம்பிரியன் பாறைகளின் கீழே கிடக்கின்றன. 1940களில், இந்தியத் தொல்தாவரவியலின் தலைமகனான பீர்பால் சாகினி அவ்வுப்பிலே பூக்குந் தாவரங்களின் நுண்துண்டுகளைக் கண்டார். பூக்குந் தாவரங்களோ ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியவை. எனவே உப்பு இயோசீன் காலத்ததென்றும், மூத்த பாறைகள் புவியசைவினால் அதன்மீது தள்ளப்பட்டனவென்றும் அவர் வாதிட்டார். களத்திலே படைகளின் ஒழுங்கைப் பின்தொடர்ந்தோர் அதனை மறுத்தனர். இன்று அவ்வுப்பு ஏறத்தாழ 54 கோடி ஆண்டு மூத்ததென ஏற்கப்பட்டுள்ளது. நீரிற் கரைந்து மீண்டும் படிகமாகும் உப்பு, பிற்காலத் துகளையுந் தன்னுள் அடக்கவல்லது.

இதனாற் கலை பொய்த்ததா? இல்லை. மணியின் புறவுறையிலுள்ள இசுப்போரோபொலனின் அமிலங்களுக்கும் அசையாதது. பாறையை ஐதரோபுளோரிக்கமிலத்திற் கரைத்த பின்னரும் அது நுணுக்குக்காட்டியின் கீழ் எஞ்சிநிற்கும். ஆயினுங் காலங்காட்டுவது தனிமணியன்று, கூட்டமே. கொண்டுவானாவின் பேர்மியன் நிலக்கரிப் படைகளில், இரு காற்றுப்பைகளும் வரிகளுங் கொண்ட மணிகள் மிகுந்துள்ளன; திரயாசிக்குப் படைகளிலோ வேறொரு கூட்டமே மேலோங்குகின்றது. இம்மாற்றம் இந்தியாவிலும் அவுத்திரேலியாவிலுந் திரும்பத் திரும்பக் காணப்படுவது. இதனை ஊகமென்பார் எண்ணிப் பார்த்திலர்.

ஆரவாரிப்போர்க்கும் விடையுண்டு. மணியின் நிறமே ஒரு சாட்சி. புதைந்த பாறையோடு வெப்பமுற்ற மணி மஞ்சளிலிருந்து கபிலமாகி ஈற்றிற் கருமையுறும். கடும் வெப்பமுற்ற தொல்பாறையிலே வெளிறிய மணியொன்று கிடைப்பின், அது பின்வந்த விருந்தாளியென ஐயுறுதல் வேண்டும். ஆய்வுகூடக் காற்றும் நீரும் பாறை வெடிப்பும் அதற்கு வழியாகலாம். மறுபுறம், அரிப்புண்ட மூத்த பாறையின் மணிகள் இளைய படையிலுங் குடிபுகும். ஆகவே பிறழ்வு இருதிசையிலும் நேரும்.

சாகினியின் பெருமை இதனாற் குன்றாது. ஆயின் பெரியார் கூற்றென்பதற்காகப் பாறையொழுங்கு தன் சாட்சியத்தை விட்டுக்கொடுப்பதில்லை. மகரந்தவியல் கற்க முனையும் எம் மாணவர், மணியின் பெயரைக் கேட்குமுன் அதன் வரவைக் கேட்கட்டும். அக்கேள்வியின்றிக் கூறப்படுங் காலம், எவர் கூறினுங் காலமாகாது.