பிஎம்பிஓ வாட்ஸும் ரெண்டரை கிலோ பேட்டரியும்

போன வாரம் சக பதிவர் ஒருத்தர் தன்னோட மியாட்டாவுக்கு ரெண்டரை கிலோ லித்தியம் பேட்டரி வாங்கி மாட்டின கதையைப் படத்தோட போட்டிருந்தார். பேட்டரியை ரெண்டே விரல்ல தூக்கிக் காட்டுற மாதிரி படம். கீழே வரிசையா "சூப்பர் தல", "எங்க வாங்கினீங்க". நானும் ஒரு பின்னூட்டம் போடலாம்னு ஆரம்பிச்சேன். அது அனுமார் வாலா நீண்டதால இந்தத் தனிப் பதிவு. அவர் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என் கோபமெல்லாம் அந்த பேட்டரியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மேலதான்.

ஸ்டிக்கர்ல பெரிய எழுத்துல 18 ஆம்பியர்-அவர்னு இருக்கு. பக்கத்துலயே எறும்பு சைஸ் எழுத்துல "ஈக்விவலென்ட்".

மக்களே, ரிச்சி ஸ்ட்ரீட் ஞாபகம் இருக்கா? உள்ளங்கை அகலத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், அட்டைப்பெட்டியில "1000 வாட்ஸ் பிஎம்பிஓ". வீட்டுக்கு வந்து மாட்டினா பக்கத்து ரூமுக்குக் கூட கேக்காது. இந்த "ஈக்விவலென்ட்" அதோட ஒண்ணுவிட்ட தம்பி. அந்த 18-ஐப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே நிஜமா இருக்கறது 6 ஆம்பியர்-அவர். மூணுல ஒரு பங்கு. இது ஏதோ ஒரு பிராண்ட் பண்ற தில்லுமுல்லு இல்லை. பைக்குக்கும் காருக்கும் வர்ற லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரிகள்ல பல வருஷமா நடக்குற வழக்கம்.

கேட்டா ஒரு விளக்கம் தருவாங்க. "ஈய பேட்டரியை முழுசா காலி பண்ணக்கூடாது, கொஞ்சம்தான் எடுக்க முடியும். எங்க லித்தியம்ல கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்கலாம். அதனால எங்க 6, அவங்க 18." கேக்க நல்லாத்தான் இருக்கு. செல்ஃப் அடிக்கிற அந்த ரெண்டு மூணு விநாடிக்கு இது ஓரளவு நியாயமும் கூட. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு உள் மின்தடை கம்மி, சின்ன உடம்பை வெச்சுக்கிட்டு பெரிய கரண்ட் கொடுக்கும். அதை யாரும் மறுக்கலை.

ஆனா கார் வாழ்நாள்ல செல்ஃப் அடிக்கிற நேரம் எவ்வளவு, சும்மா நிக்கிற நேரம் எவ்வளவு? நிக்கும்போது கடிகாரம், ரேடியோ மெமரி, இஞ்சின் கம்ப்யூட்டர், அலாரம் வெச்சிருந்தா அது எல்லாமே சொட்டுச் சொட்டா உறிஞ்சிக்கிட்டே இருக்கும். என் வண்டியில மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா 30 மில்லி ஆம்ப். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். ஆறை 0.72-ஆல வகுங்க. எட்டே நாள்ல பேட்டரி மொத்தமா காலி. ஸ்டார்ட் ஆகுறதுக்குப் பாதியாவது மிச்சம் வேணும்னா நாலு நாள். நாலு நாள் சாமி! வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்திட்டு லாங் வீக்கெண்டுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தா முடிஞ்சது கதை. உங்க அலாரத்துக்கு "ஈக்விவலென்ட்" எல்லாம் தெரியாது. அது நிஜ ஆம்பியரைத்தான் குடிக்கும்.

கொடுமை என்னன்னா, ஒரு விற்பனையாளருக்கு (பேர் வேண்டாம்) மெயில் போட்டு "நிஜமான ஆம்பியர்-அவர் எவ்வளவு?"ன்னு ஒரே வரியில கேட்டேன். மூணு பாரா பதில் வந்தது. அதுல "ஈக்விவலென்ட்" நாலு தடவை இருந்தது, நான் கேட்ட நம்பர் இல்லை. நம்ம ஆபீஸ்ல டெட்லைன் கேட்டா மேனேஜர் சொல்ற பதில் மாதிரியே.

வண்டி பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மியாட்டாங்கறது மஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில சிகாகோ ஆட்டோ ஷோவுல வெளிவந்த ரெண்டு சீட்டு குட்டி வண்டி, முதல்ல வந்தது 1.6 லிட்டர் இஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் கம்மி. முதல் தலைமுறை வண்டியில பேட்டரி முன்னாடி பானட்டுக்குள்ள கிடையாது, டிக்கியில இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் எடை பாதிப்பாதியா வரணும்னு மஸ்டாகாரங்க யோசிச்சு வெச்ச இடம் அது. அங்கேருந்து பத்து கிலோவைப் பிடுங்கினா என்ன ஆகும்? கணக்குப் போட்டா பின்பக்கம் 50-லேந்து 49.5 சதவீதத்துக்கு இறங்கும். பெரிய பாதிப்பு இல்லைதான். அதே மாதிரி பெரிய லாபமும் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லணும்ல?

எடை குறைக்கிற பைத்தியம் எனக்கும் உண்டு. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் மாதிரி ஆளுங்க வாழ்நாள் முழுக்க அதைத்தானே பண்ணாங்க. அவர் 1982-ல போயிட்டார். 1996-ல வந்த முதல் லோட்டஸ் எலீஸ் வெறும் 725 கிலோ. அந்த மாதிரி வண்டியில ஒவ்வொரு கிலோவும் கணக்குதான். ஆனா கணக்குன்னா எல்லாத்தையும் போடணும். மியாட்டாவுக்குப் பொருந்துற சாதாரண பேட்டரி பத்து பன்னிரண்டு கிலோ. ஒடிஸி பிசி680 மாதிரி சின்ன ஏஜிஎம் பேட்டரி 7 கிலோ, 16 ஆம்பியர்-அவர். அதாவது நிஜமான 16. லித்தியத்துக்குப் போனா இன்னும் நாலரை கிலோ மிச்சம் பிடிக்கலாம், விலை சில மடங்கு. டேங்க்கை ரொப்பாம பாதியில நிறுத்தினாலே சுமார் பதினாறு கிலோ குறையும், அதுவும் ஓசியில. தொப்பையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை :-)

பிசி680-ஐ மட்டும் உத்தமன்னு சொல்ல வரலை. அந்தப் பேர்ல இருக்கிற 680 கூட அஞ்சு விநாடிக்குக் கிடைக்கிற ஆம்ப்தான், விளம்பர நம்பர். நாம பார்க்க வேண்டியது சிசிஏ, அதாவது குளிர்ல செல்ஃப் அடிக்கிற சக்தி: மைனஸ் 18 டிகிரியில 30 விநாடிக்கு, வோல்டேஜ் 7.2-க்குக் கீழ விழாம, எத்தனை ஆம்ப் தர முடியும்ங்கற அளவு. அப்படி அளந்தா அதே பேட்டரிக்கு 170. அறுநூத்தி எண்பது எங்கே, நூத்தி எழுபது எங்கே! ஆனா அந்த 170-ஐயும் அவங்க ஒளிக்காம அச்சடிச்சிருக்காங்க, எவ்வளவு நேரத்துக்கு எந்த நம்பர்னும் சொல்லியிருக்காங்க. குட்டி நாலு சிலிண்டர் இஞ்சினுக்கு 170 போதும். எட்டு சிலிண்டர் வண்டிக்கு யாராவது சிபாரிசு பண்ணா ஓடிடுங்க.

இப்ப குளிர். நான் இருக்கறது சிகாகோ பக்கத்துல. 2019 ஜனவரி 30 அன்னைக்கு இங்க மைனஸ் 30 போச்சு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் குளிர்ல சுணங்கும். அதுக்கு விற்கிறவங்களே சொல்ற வைத்தியம் என்ன தெரியுமா? ஹெட்லைட்டைப் போட்டுட்டு கொஞ்ச நேரம் காத்திருங்க, பேட்டரி சூடாகும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. இருக்கறதே 6 ஆம்பியர்-அவர், அதுல விளக்கு ஏத்தி பூஜை வேற. அதைவிட மோசம், ஜீரோ டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா கிராஃபைட் ஆனோடு மேல லித்தியம் உலோகமாவே படிய ஆரம்பிக்கும். செல்லுக்கு அது நிரந்தர நஷ்டம். குளிர் காலையில வண்டி ஸ்டார்ட் ஆன அடுத்த விநாடி ஆல்டர்னேட்டர் அதைத்தான் பண்ணப்போகுது. நல்ல பேட்டரியில இதைத் தடுக்க உள்ளேயே ஒரு சர்க்யூட் இருக்கும், சிலதுல சூடேத்தும் வசதியும் உண்டு. மலிவா வர்றதுல அது இருக்கான்னு ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"போர்ஷே போடலையா?"ன்னு கேட்டாங்க. போட்டாங்களே, 2009-ல அறிவிச்சாங்க. 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் மூணுக்கும் லித்தியம் பேட்டரி ஆப்ஷன். 6 கிலோவுக்கும் கம்மி. 60 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல லாபம், விலை ஜெர்மனியில வரியோட 1,904 யூரோ. இதுல நம்ம ஆளுங்க சொல்லாம விடற விஷயம் ஒண்ணு இருக்கு. போர்ஷே அதை ஈய பேட்டரிக்குப் பதிலா தரலை, கூட தந்தது. குளிர்காலம் வந்தா மாத்திக்கோங்கன்னு. ஜெர்மன்காரனே ஸ்டெப்னி மாதிரி ஈய பேட்டரியைக் கையில கொடுத்துத்தான் அனுப்பியிருக்கான்!

அடுத்து டெஸ்லா. 2021-ல மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகள்ல சின்ன ஈய பேட்டரியைத் தூக்கிட்டு லித்தியம் வெச்சது உண்மை. ஆனா அங்க இஞ்சினே கிடையாது, செல்ஃப் அடிக்கிற வேலை இல்லை. தவிர, குறைஞ்சா ரொப்பறதுக்குப் பக்கத்துலயே யானை சைஸ்ல பெரிய பேட்டரி உக்காந்திருக்கு. நம்ம மியாட்டாவுக்கு அப்படி எந்த மாமனார் வீடும் இல்லை.

ட்ராக்குக்கு மட்டும் ஓட்டறவங்க, டிரெய்லர்ல வண்டியை ஏத்திட்டுப் போறவங்க, நிறுத்தினதும் ஐசொலேட்டர் சுவிட்சை அணைக்கறவங்க தாராளமா லித்தியம் போடுங்க. அங்க சொட்டுற கரண்டும் இல்லை, குளிர் காலை ஆபீஸும் இல்லை. ஆனா சார்ஜர் விஷயத்துல ஜாக்கிரதை. ஈய பேட்டரிக்கான சில சார்ஜர்ல "டீசல்ஃபேட்"னு ஒரு மோட் உண்டு, 15 வோல்ட்டைத் தாண்டிப் போகும். அதை லித்தியத்துல மாட்டிடாதீங்க.

மத்தவங்க, அதாவது ஆபீஸுக்கும் வால்மார்ட்டுக்கும் ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் கூரையைத் திறக்கற நம்மள மாதிரி ஆளுங்க, ஏழு கிலோ ஏஜிஎம்மோட நிறுத்திக்கலாம். சின்ன பேட்டரியைப் பெரிய ட்ரேயில வைக்கும்போது சரியான பிராக்கெட் போட்டு இறுக்குங்க. வளைவுல நகர்ந்து டெர்மினல் பாடியில பட்டா நூத்துக்கணக்கான ஆம்ப் பாயும், வெல்டிங் மெஷின்தான். விலை கம்மின்னு மூடி திறந்து தண்ணி ஊத்தற சாதாரண பேட்டரியை டிக்கியில வைக்கவே வைக்காதீங்க. முதல் தலைமுறைக்கு மஸ்டாவே ஏஜிஎம்மும், வாயு வெளியே போக ட்யூபும் கொடுத்திருந்தது. பழைய மியாட்டா வாங்கப் போறவங்க டிக்கியில பேட்டரியைத் தூக்கிட்டு அடியில பாருங்க. பெயின்ட் உரிஞ்சு தகரம் துருப்பிடிச்சிருந்தா, முன்னாடி வெச்சிருந்த ஓனர் மிச்சம் பிடிச்ச காசு அங்கதான் இருக்கு.

டிஸ்கி: எந்த பேட்டரி கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கலை. "ஈக்விவலென்ட்" காசு கூட.