கணக்கில் சரி, குழலில் புஸ்

டிஸ்கி: இது துப்பாக்கி ஆர்வலர்களுக்கான பதிவு இல்லை. வீட்டில் தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் இப்படியே திரும்பிவிடலாம். வடக்கே மலைப்பக்கம் வங்கியிலும் கருவூலத்திலும் வேலை பார்க்கிற நம் ஆட்களும் அவர்கள் வீட்டினரும் படித்தால் போதும்.

வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் காவலரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் தோல் பெல்ட், அதில் வரிசையாகச் சொருகிய தோட்டாக்கள். மதுரையோ கேலாங்கோ, காட்சி ஒன்றுதான். என் கேள்வி ரொம்ப எளிது. அந்தத் தோட்டா வெடிக்குமா? ஜனவரி மாதக் காலையில், மைனஸ் பத்து டிகிரியில், லாஹௌலிலோ லடாக்கிலோ இருக்கிற ஒரு கிளையில் வெடிக்குமா?

நான் வேலை பார்த்த எந்தக் கிளையிலும் இந்தக் கேள்வியை ஆடிட்டர் கேட்டதில்லை. அவர் கேட்பது வேறு. எத்தனை இருக்கிறது? பதிவேட்டில் "12 போர் தோட்டா, 25 எண்ணம், சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். மாற்றலாகி அடுத்த மேனேஜர் வருவார், அவரும் எண்ணுவார், அவரும் கையெழுத்துப் போடுவார். ஒரே தோட்டா நாலு மேனேஜர்களைப் பார்த்துவிடும். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள், சரக்கிருப்பு என்றால் எண்ணிக்கை மட்டும் இல்லை, அதன் நிலையையும் பார்க்க வேண்டும், முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று. மெடிக்கல் ஷாப் பையனுக்குத் தெரிந்த விஷயம். நகைக்கடன் கவுண்டரில் உரசிப் பார்க்காமல் ஒரு மோதிரத்தை உள்ளே எடுப்போமா? காவலர் உயிரை நம்பி நிற்கிற சாமானை மட்டும் எண்ணி வைத்துவிடுகிறோம்.

ஒரு தோட்டாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அடியில் பித்தளை வட்டம், அதன் நடுவில் பிரைமர். தீபாவளிக்குச் சுட்ட பொட்டுக் கேப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி விழுந்தவுடன் தீப்பொறி கக்குவது அதுதான். அதற்கு மேல் மருந்து, மருந்துக்கு மேல் தக்கை, தக்கைக்கு மேல் ஈய ரவை, கடைசியில் வாயை மடித்து மூடியிருப்பார்கள். நாட்டில் காவலர்கள் இடுப்பில் பரவலாகப் பார்க்கிற சக்திமான் தோட்டா புனேக்குப் பக்கத்தில் கட்கியில் தயாராவது. 1869-ல் தொடங்கிய தொழிற்சாலை. மருந்து விஷயத்தில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. ஊட்டி ரயிலில் போனவர்கள் குன்னூர் தாண்டி அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் வெள்ளைக்காரன் காலத்துக் கார்டைட் தொழிற்சாலை, இன்றைக்கும் படைகளுக்கு உந்துமருந்து செய்கிறது. 2021 அக்டோபரில் பழைய ஆர்டினன்ஸ் போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது கட்கி, அருவங்காடு இரண்டும் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் கீழே வந்துவிட்டன.

சரி, குளிருக்கு வருவோம். வடக்கே குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் குளிரின் வேலை தெரியும். டிசம்பரில் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. மலையில் இருப்பவர்கள் வீட்டில் சிலிண்டரில் கேஸ் இருக்கும், அடுப்பில் தீ இருக்காது. உள்ளே இருக்கிற பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனால் ஆவியாக மறுக்கும். தோட்டா மருந்தும் கிட்டத்தட்ட அதே குணம். அது பழைய கரிமருந்து இல்லை. பருத்தி, மரக்கூழ் மாதிரியானவற்றிலிருந்து கிடைக்கிற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்கிற புகையில்லா மருந்து. இது எரிய எரியத்தான் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடக் கூடத்தான் வேகமாக எரியும். ஆரம்பமே ஜில்லென்று இருந்தால் தீப் பிடிக்கத் தாமதம், அழுத்தம் குறைவு, வேகம் குறைவு. பிளாஸ்டிக் தக்கையும் குளிரில் விறைத்துப்போய் குழலைச் சரியாக அடைக்காமல் வாயுவைக் கசிய விடும். கடைசியில் பாதி மருந்து எரியாமலே கிடக்கும்.

அதனால்தான் கடுங்குளிர் நாடுகளில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் எந்த மருந்து, எந்தப் பிரைமர் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மெதுவாக எரிகிற மருந்து குளிரில் சண்டித்தனம் பண்ணும். சீக்கிரம் பற்றுகிற மருந்து, நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை வகை, சூடான பொறி தருகிற பிரைமர், இறுக்கமாக மடித்த வாய், இவை இருந்தால் தேவலை. ஆனால் அவர்கள் கவலை நாற்பது மீட்டர் உயரத்தில் பறக்கிற வாத்து, அதற்கு வேகம் முக்கியம். நம் காவலருக்குக் கவுண்டரிலிருந்து கதவு வரை ஆறேழு மீட்டர். ரவை கொஞ்சம் மெதுவாகப் போனால் ஒன்றும் குடி முழுகாது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, விசையை இழுத்தவுடன் முழுசாகப் பற்ற வேண்டும். ஆக மலைக்கிளைக்குத் தோட்டா வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வகை உறைகுளிரில் சுட்டுப் பார்க்கப்பட்டதா என்பதுதான். நாம் கேட்பது கொட்டேஷன், அதுவும் மூன்று.

இன்னொன்று. குளிர் மருந்தைக் கெடுப்பதில்லை. சொல்லப்போனால் வெப்பத்தில்தான் இந்த மருந்து சீக்கிரம் சிதையும், குளிரில் நீண்ட நாள் தாங்கும். கெடுப்பது நாம்தான். தோல் பெல்ட்டிலேயே வருஷக்கணக்கில் சொருகி வைத்தால், தோல் பதனிட்ட அமிலம் பித்தளையைத் தின்று பச்சைக் களிம்பு பூக்கும். பாலிஷ் போடுகிறேன் என்று எண்ணெய் தடவினால் அது மெல்ல உள்ளே ஊறிப் பிரைமரைச் சாகடிக்கும். பகலில் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி, ராத்திரி வெளியே ரோந்து. வெளியிலிருந்து உள்ளே வந்ததும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்கிறதே, அதே வேர்வை துப்பாக்கி மேலும் பூக்கும், விசைக்குள் இறங்கும், மறுபடி வெளியே போனால் உறையும். சுத்தியல் விழும், ஆனால் அடியில் உரம் இருக்காது. நமத்த பட்டாசை மாதிரி தோட்டாவை வெயிலில் காய வைத்த ஒரு புண்ணியவானையும் பார்த்திருக்கிறேன் :-)

எங்கள் கிளையில் பயிற்சிச் சுடுதல் எப்போதும் ஜூனில்தான், பனி உருகி ரோடு சுத்தமான பிறகு. வெயிலில் எல்லாம் ஜோராக வெடிக்கும், அறிக்கையும் ஜோராகப் போகும். ஒரு வருஷம் எங்கள் காவலர், பழைய ராணுவக்காரர், பனிமலையில் பணியாற்றியவர், "சார், சுடுவதாக இருந்தால் ஜனவரியில் சுடுவோம், அப்போதுதான் உண்மை தெரியும்" என்றார். போலீஸ் மைதானத்தில் அனுமதி வாங்கினோம். முதல் சில தோட்டாக்கள் சரியாகப் போயின. பிறகு ஒன்று டிக் என்றதோடு சரி. அவர் அசையவில்லை, அரை நிமிஷத்துக்கு மேல் குழலை மண்மேட்டுக்கு நேராகவே பிடித்திருந்தார், தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று. அடுத்தது வலது குழலில் புஸ் என்று ஒரு சத்தம், புஸ்வாணம் அடங்குகிற மாதிரி. நான் "அடுத்ததைப் போடுங்க ஹவில்தார் சாப்" என்றேன். அவர் போடவில்லை. துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து வலது குழல் வழியாக வானத்தைப் பார்த்தார். வானம் தெரியவில்லை. தக்கை நடுவில் சிக்கியிருந்தது. அதன் பின்னால் இன்னொரு தோட்டாவை வெடித்திருந்தால் குழல் பிளந்திருக்கும், அதைத் தாங்கிப் பிடித்திருந்த இடது கையும் போயிருக்கும்.

அந்தத் தோட்டாவை அவர் என்னிடம் காட்டினார். பித்தளை பழசு, கறுத்திருந்தது. பிரைமர் மட்டும் புதுசாக மின்னியது. விளிம்பில் இரண்டு தடவை இழுத்த கீறல். காலித் தோட்டாவை யாரோ உள்ளூரில் மறுபடி நிரப்பி விற்றிருக்கிறார்கள், எங்கள் வங்கி அதை வாங்கியிருக்கிறது. பில்லைத் தேடினோம், இல்லை. பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் பிசகாமல் இருந்தது.

"நல்ல மருந்தாகப் போட்டு நிரப்பினால் என்ன தப்பு, சிக்கனம்தானே" என்று ஒரு சீனியர் என்னிடம் கேட்டார். தப்பு இதுதான். ஒவ்வொரு மருந்துக்கும் இந்தப் பிரைமர், இந்தத் தக்கை, இவ்வளவு ரவை என்று சோதனைச்சாலையில் அழுத்தம் அளந்து ஜோடி சேர்த்திருப்பார்கள். பிரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் எங்கேயோ போய்விடும். குளிருக்கு என்று காரம் கூட்டி நிரப்பினால், அதே தோட்டா மே மாதம் சமவெளிக் கிளைக்கு மாற்றலாகிப் போகும்போது என்ன ஆகும்? மாற்றல் ஆவது நாம் மட்டுமா என்ன, சாமானும்தான். அதோடு, ஆயுதச் சட்டம், 1959 தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் கேட்கிறது. வங்கியிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் உரிமம்.

"துப்பாக்கி சும்மா பூச்சாண்டிக்குத்தானே" என்பது அடுத்த வாதம். இதைச் சொல்கிறவர்கள் எல்லாம் கண்ணாடி கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். பூச்சாண்டி என்றால் மரத்துப்பாக்கி கொடுங்கள், காவலரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். வெடிக்கும் என்று அவரை நம்ப வைத்து, திருடன் எதிரில் நிறுத்திவிட்டு, உள்ளே நாம் சிரித்துக்கொள்வது அயோக்கியத்தனம். கையில் ஆயுதம் வைத்திருப்பவரைத்தான் கொள்ளைக்காரன் முதலில் சுடுவான்.

செலவு என்பார்கள். ஒரு கிளையின் தோட்டா மொத்தத்தையும் வருஷம் ஒரு தடவை மாற்றினால், தலைமை அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கின் மதியச் சாப்பாட்டை விட அதிகம் ஆகாது. பழசைத் தூக்கிப் போடவும் வேண்டாம். தொழிற்சாலைப் பெட்டியோடு வாங்கினதாக இருந்தால் அதையே குளிர்காலப் பயிற்சியில் சுட்டுத் தீர்க்கலாம். காவலருக்குக் கையும் பழகும், தோட்டாவின் வண்டவாளமும் தெரியும், பதிவேட்டில் வரவும் செலவும் நேராகும். பெட்டி மேல் இருக்கிற லாட் எண்ணையும் தயாரித்த வருஷத்தையும் எழுத ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால் போதும். ஒரு ஸ்கேல், ஒரு பேனா.

மலைக்கிளையில் இருக்கிறவர்கள் நாளைக்கே காவலரிடம் மரியாதையாகக் கேட்டு, பெல்ட்டில் இருப்பதைப் பாருங்கள். பித்தளையில் பச்சை, ஊதின காகித உறை, பழைய வட்டத்தில் புதுப் பிரைமர், பெட்டி இல்லாத உதிரி, இதில் எது கண்ணில் பட்டாலும் மேலே எழுதுங்கள். போனில் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபருக்குள் கொடுத்துவிடுங்கள், இன்டென்ட் பாஸாகி வந்து சேர டிசம்பர் ஆகிவிடும்.