வெளிச்சம் கூடத்தில், அக்கா அடுப்படியில்

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸப் குழுவில் விடியற்காலை ஐந்து மணிக்கே படங்கள் வர ஆரம்பித்துவிடும். மார்கழிக் கோலம், ஐப்பசி மழையில் திண்ணை, தைப்பொங்கல் பானை, முற்றத்தில் சாய்வாக விழும் வெயில். அடியில் தவறாமல் ஒரு வரி: "அது ஒரு பொற்காலம்." பத்து நிமிடத்தில் இருபது கும்பிடு வந்து சேரும்.

இந்தப் படங்களுக்கு எதிராகத்தான் இன்று எழுதுகிறேன். நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபம் வந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் புதுச்சேரியிலிருந்து என் அக்கா பெரியபாளையத்துக்கு வந்து என்னோடு ஒரு வாரம் இருந்தார். வயது எழுபத்தெட்டு. குழுவில் வந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பழைய சமையலறை, வரிசையாகப் பித்தளைப் பாத்திரங்கள், கூரைக் கண்ணாடி வழியாகப் பொன்னிற ஒளி, பாவாடை தாவணியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாருடா தம்பி இதையெல்லாம் தேய்ச்சது? புளி போட்டுத் தேய்ச்சாக்கூட இந்தப் பளபளப்பு வராதே" என்றார். பிறகு, "இந்தக் கோலத்தைப் பாரு, புள்ளிக்கும் கோட்டுக்கும் சம்பந்தமே இல்ல. இது கோலம் போடத் தெரிஞ்சவ போட்டது இல்ல" என்றார்.

சரியாகச் சொன்னார். அது யாரும் வரைந்த படமே இல்லை, ஏஐ செய்த படம்.

நம் வீட்டில் இப்படி வெளிச்சம் விழவில்லையா என்று கேட்டேன். "விழுந்தது. கூடத்துல விழும். அங்க நீ உக்காந்து பிரெஞ்சுப் பாடம் படிப்ப. நான் அடுப்படியில இருப்பேன்" என்றார். குரலில் குறையே இல்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பிய அதே வீடுதான் அக்காவை ஐந்தாவதோடு நிறுத்தியது. விறகுப் புகையில் அம்மாவுக்கு வந்த இருமல் கடைசி வரை போகவில்லை. பொற்காலம் என்று நாம் எழுதும்போது யாருடைய காலத்தைச் சொல்கிறோம்? அந்தத் திண்ணையில் ஊரில் எல்லோரும் உட்கார முடிந்ததா? யார் தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள் என்பது நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இங்கே ஒருவர் ஓவியர் எஸ்.இளையராஜாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படித்தவர். விகடனில் வந்த அவருடைய படங்களை நானும் கத்தரித்து வைத்திருக்கிறேன். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது நாற்பதை ஒட்டிய வயதுதான். அவர் படத்திலும் ஜன்னல் வெளிச்சம் உண்டு, பழைய கதவு உண்டு. ஆனால் அந்த வெளிச்சம் போய் விழுவது ஒரு முகத்தின் மேல். கறுத்த மேனி, கலைந்த முடி, வேலை செய்த கை. அந்தப் பெண் ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நமக்குத் தெரியும். உட்கார்ந்து பார்த்து வரைந்த மனிதர் அவர். வாட்ஸப் படத்தில் வெளிச்சம் மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை.

அமெரிக்காவில் தாமஸ் கின்கேட் என்று ஒருவர் இருந்தார். 2012இல் இறந்தார். 'ஒளியின் ஓவியர்' என்ற பட்டத்தையே வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டவர். பனிக்கால மாலை, சிறு வீடு, எல்லா ஜன்னலிலும் மஞ்சள் வெளிச்சம். அச்சடித்த படத்தின் மேல் உதவியாளர்கள் கொஞ்சம் வண்ணம் தொட்டு வைப்பார்கள், விலை ஏறிவிடும். லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். அந்த வீடுகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நமக்கு வருவதும் அந்தச் சரக்குதான். திண்ணையும் கோலமும் சேர்த்துத் தமிழில் வருகிறது, அவ்வளவே வித்தியாசம்.

என் பிரெஞ்சு வாத்தியார் ஒரு நாள் வகுப்பில் மொனே வரைந்த சூரிய உதயத்தின் அச்சுப்படம் ஒன்றைக் காட்டினார். 1872இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தைப் பார்த்து வரைந்தது. 1874இல் பாரிஸில் கண்காட்சிக்கு வைத்தபோது பத்திரிகைக்காரர் ஒருவர் கேலி செய்ய, அந்தக் கேலியே ஓர் ஓவிய இயக்கத்துக்குப் பெயராயிற்று. நான் அப்போது கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் படத்தின் பின்னணியில் இருப்பவை புகைபோக்கிகளும் பாரம் தூக்கும் இயந்திரங்களும். அதே மொனே 1877இல் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் போய், நீராவிப் புகைக்குள் விழும் வெளிச்சத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். தொலைந்துபோன பாட்டி வீட்டைத் தேடிப் போகவில்லை. தன் கண்ணெதிரே இருந்த நாளை வரைந்தார்.

நம் கண்ணெதிரே என்ன இல்லை? ஆடி மாதம் பவானி அம்மன் கோவிலைச் சுற்றிப் பாருங்கள். குடும்பம் குடும்பமாக வந்து தங்கி, பொங்கல் வைத்து, வேப்பிலை ஆடை கட்டி வலம் வருகிறார்கள். விடியலில் நூறு அடுப்புப் புகைக்குள் சூரியன் வருகிறது. விடியும் முன்பே கம்பெனி வேனுக்குச் சாலையோரம் டிபன் பையோடு பெண்கள் நிற்கிறார்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மாலையில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகிறார்கள், முகத்தில் மஞ்சள் வெயில். இவர்களை யாராவது குழுவில் போட்டதுண்டா? அறுபது வருடம் கழித்து இவர்கள் காலத்தையும் யாரோ பொற்காலம் என்பார்கள். அப்போது இவர்களும் படத்தில் இருக்க மாட்டார்கள்.

"வயதான காலத்தில் ஒரு படம் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் படலாம். எனக்கும் அந்த முற்றம் கனவில் வருகிறது. நினைப்பது தப்பில்லை. பாதியை அடித்துவிட்டு நகல் எடுத்துச் சுற்றுக்கு விடுவதுதான் தப்பு. அலுவலகத்தில் ஒரு கோப்பில் பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மேலே அனுப்பியிருந்தால் நமக்கெல்லாம் மெமோ வந்திருக்கும். பேரப்பிள்ளைகளிடம் மட்டும் அப்படிப்பட்ட கோப்பை நீட்டலாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால், அனுப்பும் முன் உங்கள் மனைவியிடமோ அக்காவிடமோ காட்டி, "இதில் நீ எங்கே இருந்தாய்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் படத்தோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

நான் ஆரம்பித்துவிட்டேன். அக்கா ஊருக்குக் கிளம்பும் முன், எங்கள் வாசலில் காலை வெயிலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். கொஞ்சம் ஆடிவிட்டது. குழுவில் போட்டேன். இதுவரை மூன்றே கும்பிடுதான் வந்திருக்கிறது.