டிரைவர் இல்லையென்றால் ஸ்கேனர் வெறும் டப்பாதானா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் இப்போது லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 வசதியும் குறிப்பிட்ட பிராசசர்களும் வேண்டும். செகண்ட் ஹேண்டில் லேப்டாப் வாங்கியவரிடம் அவை இருக்காது. யாரோ சொன்னார்கள் என்று லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை இன்ஸ்டால் செய்கிறார். மறுநாள் எனக்கு போன் வருகிறது. "தம்பி, பிரிண்டர் ஓடவில்லை. உங்கள் லினக்ஸ் சரியில்லை."

லினக்ஸ் சரியில்லையா, பிரிண்டர் கம்பெனி சரியில்லையா என்பதுதான் கேள்வி. பத்தில் எட்டு முறை கம்பெனி மேல்தான் தப்பு என்பது என் கருத்து. மீதி இரண்டு முறை எங்கள் பக்கம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் டிரைவர் என்றால் என்ன? உங்கள் பிரிண்டருக்கு வேர்ட் பைல் என்றால் என்னவென்று தெரியாது. இந்த இடத்தில் இந்த எண்ணை எழுதினால் பேப்பரை இழு, அந்த எண்ணை எழுதினால் மை தெளி என்கிற அளவுக்குத்தான் அதற்குத் தெரியும். இந்த எண்கள் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு. எந்த எண் எதற்கு என்ற பட்டியல் தயாரித்த கம்பெனியிடம் மட்டுமே இருக்கும். சிஸ்டம் "அச்சிடு" என்று சொல்வதை இந்த எண்களாக மாற்றிக் கொடுக்கும் சாப்ட்வேர்தான் டிரைவர். கம்பெனிகள் விண்டோஸுக்கு டிரைவரைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகின்றன, ஏனென்றால் வாங்குபவர் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். லினக்ஸுக்குப் பல கம்பெனிகள் எழுதித் தருவதில்லை. அது கூடப் பரவாயில்லை. பட்டியலைக் கொடுங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டாலும் தருவதில்லை. இதுதான் வயிற்றெரிச்சல்.

பட்டியல் இல்லாமல் டிரைவர் எழுதவே முடியாதா? முடியும், ஆனால் பெரும்பாடு. ஒரு யு.எஸ்.பி. ஸ்கேனரை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸை ஓட்டி, அதில் கம்பெனி டிரைவரைப் போட்டு ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போது யு.எஸ்.பி. கேபிளில் போய் வருகிற ஒவ்வொரு பைட்டையும் லினக்ஸ் பதிவு செய்யும். பிறகு 300 டி.பி.ஐ.க்குப் பதில் 600 வைத்து அதே பக்கத்தை மீண்டும் ஸ்கேன் செய்து, இரண்டு பதிவுகளிலும் எந்த எண் மாறியிருக்கிறது என்று தேட வேண்டும். இப்படி ஒவ்வொரு பட்டனுக்கும், ஒவ்வொரு செட்டிங்கிற்கும். பூட்டிய வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உள்ளே என்ன சமையல் என்று கண்டுபிடிக்கிற கதைதான்.

பிராட்காம் வை-பை சிப்களுக்கு நடந்தது இதைவிடப் பெரிய கதை. கம்பெனி தகவல் தரவில்லை. டெவலப்பர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு இருக்கிற டிரைவரைப் பிரித்துப் பார்த்து சிப் எப்படி வேலை செய்கிறது என்று குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்த டிரைவரைக் கண்ணால் கூடப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. காப்பி அடித்தார்கள் என்று யாரும் வழக்குப் போட முடியாதல்லவா! அந்த டிரைவர் 2006ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அப்போதும் ஒரு சிக்கல். சிப்புக்குள் ஏற்றப்பட வேண்டிய பர்ம்வேரை விநியோகிக்க அனுமதி கிடையாது; பயனாளரே இண்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். வை-பை வேலை செய்ய இண்டர்நெட் வேண்டும், இண்டர்நெட் வர வை-பை வேண்டும். எத்தனை பேர் அந்த இடத்திலேயே விண்டோஸுக்குத் திரும்பினார்களோ! 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சிப்களுக்குத் தானே திறந்த டிரைவரை வெளியிட்டது. அதனால் அந்தக் கம்பெனி ஒன்றும் மூழ்கிப்போகவில்லை.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. ஏ.டி.ஐ. கம்பெனியை 2006ல் வாங்கிய ஏ.எம்.டி., 2007 செப்டம்பரில் கார்டுகளின் தொழில்நுட்பக் குறிப்புகளை வெளியிட முன்வந்தது. இன்று ஏ.எம்.டி. கிராபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றினால், பெரும்பாலும் எதையும் தனியாக இன்ஸ்டால் செய்யாமலே படம் வருகிறது. என்விடியா அப்படிச் செய்யவில்லை. மூடிய டிரைவரை மட்டும் தந்தது. 2012ல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ், கேமரா முன்பே நடுவிரலைக் காட்டி அந்தக் கம்பெனியைத் திட்டினார். (வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது அந்த வீடியோவைப் பார்க்க வேண்டாம்.) நூவோ என்ற பெயரில் திறந்த டிரைவரை எழுதியவர்களுக்கு, 2014க்குப் பிறகு வந்த கார்டுகளில் இன்னொரு முட்டுக்கட்டை. கம்பெனியின் கையெழுத்து உள்ள பர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தை உயர்த்தவே முடியாது. காசு கொடுத்து வாங்கிய கார்டு, வாங்கியவரின் டிரைவர் சொன்னால் வேகமாக ஓட மறுக்கிறது! 2022 மே மாதத்தில்தான் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலைத் திறந்தது. அதுவும் டூரிங் வரிசையிலிருந்து வந்த கார்டுகளுக்கு மட்டும்.

"எனக்கு கேமும் வேண்டாம், கிராபிக்ஸும் வேண்டாம், இதெல்லாம் எனக்கெதற்கு?" என்கிறீர்களா? என் மாமா கதையைக் கேளுங்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவர், 2006ல் ஒரு ஸ்கேனர் வாங்கினார். நல்ல ஸ்கேனர். சில வருடங்கள் கழித்துக் கம்ப்யூட்டரை மாற்றினார். புதியதில் இருந்தது 64 பிட் விண்டோஸ். பழைய 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. தயாரித்த கம்பெனி அந்த மாடலுக்கு 64 பிட் டிரைவர் வெளியிடவே இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டபோது புது மாடல் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, மோட்டார் ஓடுகிறது, பல்பு எரிகிறது. ஆனால் பரண் மேல் போய்விட்டது.

நான் இன்ஜினியரிங் படிக்கும்போது அதை இறக்கித் துடைத்து, லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் செருகினேன். எந்த சிடியும் போடவில்லை. ஸ்கேன் ஆனது. லினக்ஸில் ஸ்கேனர்களுக்கு சேன் என்றொரு தொகுப்பு இருக்கிறது. யாரோ எப்போதோ அந்த மாடலின் எண்களைக் கண்டுபிடித்து அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூல நிரல் கையில் இருப்பதால் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மறுபடி கம்பைல் செய்தால் போதும். மாமா அந்த ஸ்கேனரில் இன்னும் ஆதார் கார்டுகளை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார்.

டிரைவர் மூடியிருந்தால் உங்கள் கருவியின் ஆயுளைக் கம்பெனி முடிவு செய்கிறது. திறந்திருந்தால் கருவியே முடிவு செய்கிறது. இதற்காக நீங்கள் புரோகிராமர் ஆக வேண்டியதில்லை. வேறு யாராவது ஒருவர் ஆகியிருந்தால் போதும். பிரான்ஸில் மிஷேல் ஷார் என்று ஒருவர். தொழில்முறை புரோகிராமர் கூட இல்லை, டாக்டர். வெப் கேமராக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசிய காலத்தில், 200க்கும் மேற்பட்ட மாடல்கள் லினக்ஸில் வேலை செய்ய டிரைவர் எழுதினார். அதை மற்றவர்கள் சீர்செய்து 2008ல் கெர்னலில் சேர்த்தார்கள்.

இனி எங்கள் பக்கத் தப்பு. லினக்ஸ் கெர்னலின் உள் அமைப்பை டெவலப்பர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். கெர்னலோடு சேர்ந்த டிரைவர் என்றால், மாற்றுபவரே அதையும் சரிசெய்துவிடுவார். வெளியே இருக்கும் டிரைவர் அடுத்த அப்டேட்டில் உடைந்துபோகும். "உள்ளே கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்பது அவர்களின் வாதம். தொழில்நுட்ப ரீதியில் எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அப்டேட் கொடுத்த மறுநாள் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பயனாளரிடம் போய் அந்த வாதத்தைச் சொல்ல முடியுமா? கேள்வி கேட்டவரிடம் "மூல நிரல் இருக்கிறதே, நீயே எழுது" என்று எகத்தாளம் பேசும் வழக்கமும் எங்களில் சிலருக்கு உண்டு. வெட்கக்கேடு.

இன்னொரு விவகாரம், கொள்கைப் பிடிவாதம். யூனிக்ஸ் குடும்பத்தின் இன்னொரு சிஸ்டமான ஓப்பன்பி.எஸ்.டி., மூடிய டிரைவரைச் சேர்ப்பதே இல்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தகவல் வாங்குவதையும் ஏற்பதில்லை. மதிக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். டெபியன் குழு 2022ல் ஓட்டெடுப்பு நடத்தி, திறக்கப்படாத பர்ம்வேரையும் இன்ஸ்டால் சிடியிலேயே சேர்ப்பது என்று முடிவு செய்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கை தளர்ந்துவிட்டது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். புதியவருக்கு முதல் நாளே வை-பை கிடைத்ததே, அது பெரிதில்லையா?

கம்பெனிகளுக்குச் செலவு ஆகும் என்ற சாக்கும் எடுபடாது. கெர்னல் டெவலப்பர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் 2007 ஜனவரியில் பகிரங்கமாக அறிவித்தார். தகவல் கொடுங்கள், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம், தேவையென்றால் ரகசிய ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுகிறோம் என்று. எழுதித் தர நூற்றுக்கணக்கான புரோகிராமர்கள் பெயர் கொடுத்தார்கள்.

எனவே கடையில் பணம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். வெப் கேமரா வாங்கினால் பெட்டியில் யு.வி.சி. என்று இருக்கிறதா பாருங்கள். அந்தப் பொது விதிப்படி செய்த எல்லாக் கேமராவுக்கும் ஒரே டிரைவர் போதும். பிரிண்டரில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருந்தால் லினக்ஸிலும் தனி டிரைவர் இல்லாமல் பெரும்பாலும் அச்சாகும். எச்.பி. கம்பெனி தன் பிரிண்டர்களுக்குத் திறந்த டிரைவர் தருகிறது. சில மாடல்களுக்கு மட்டும் கூடவே மூடிய பிளக்-இன் ஒன்று கேட்கும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் என்றால், ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றிக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். வை-பை, சவுண்ட், கேமரா மூன்றையும் பாருங்கள். மூடியை மூடித் திறந்து தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான் இதைச் செய்யவில்லை. முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய லேப்டாப்பில் கைரேகை சென்சார் இருக்கிறது. சிப் கம்பெனி தகவல் தரவில்லை, லினக்ஸில் அது இன்று வரை வேலை செய்யவில்லை. இரண்டு விடுமுறை முழுக்க பைட்டுகளைப் பதிவு செய்து பார்த்தேன். போய் வருவது எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. பாஸ்வேர்டைத்தான் டைப் செய்துகொண்டிருக்கிறேன்.